துண்டு இல்லாமல் ஒரு தலைப்பிரசவம்

நீங்கள் தயாரித்த பட்டியல் தபாலில் கிடைத்தது. பழைய சட்டங்களை நீக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஐந்து பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். நான் ஒரு மாதம் முதுகொடியச் செய்த வேலையைக் கணினியில் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பட்டியலுக்கு முன்னால் வைக்க, இந்தச் சட்டக் கந்தோரில் பல வருடம் வேலை பார்த்துப் பழகியவள் என்ற முறையில், இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். வாழ்த்தி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

பட்டியலின் கடைசி நிரலில், பக்கத்துக்குப் பக்கம், "வழக்கு எதுவுமில்லை, செயலற்றது" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த வசனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பதுளையில் உட்கார்ந்து அதை முதலில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதை எழுதிவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். வாழ்த்துரை வேண்டுமானால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் தெமோதரையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்தார். படித்து, சட்டப் பரீட்சைகள் எழுதி, பதுளையில் சட்டப் பிரிவுக்கு வேலைக்கு வந்தபோது மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் தோட்டம் என்ற சொல் எந்தக் கோப்பில் இருந்தாலும் அது என் மேசையில் வந்து விழும். "இது உங்க ஆட்கள் விஷயம் மிஸ்" என்பார்கள். நாட்டின் சட்டம் எப்படி என் ஆட்களின் விஷயமாக மட்டும் ஆனது என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கும்போது இந்த வேலை வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள் இன்னும் புத்தகத்தில் கிடக்கின்றன, அவற்றைக் களைந்து துப்புரவாக்க வேண்டும் என்று மேலே ஒரு குழு அமைத்தார்கள். மாகாணத்துக்கு ஒரு சிறு குழு. ஒவ்வொரு பழைய சட்டத்துக்கும் நேரே மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: நீக்கலாம், வைத்திருக்கலாம், செயலற்றது. மூன்றாவதை எழுதினால், சட்டம் செத்துக் கிடக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை, அவசரப்படாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரே சிரிப்பு. குதிரை வண்டிக்காரன் எந்தப் பக்கம் விளக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம். பதுளை டவுனில் கடைசியாகக் குதிரையைப் பார்த்தது யார் என்று தேநீர் நேரத்தில் போட்டி வைத்தோம். இந்த மாதிரிச் சட்டங்களை நீக்குவதற்கு மூளையும் வேண்டாம், முதுகெலும்பும் வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் அவற்றைத்தான் தேடி எழுதுவார்கள், உங்களுக்கும் நல்ல பெயர் கிடைக்கும். அனுபவியுங்கள். நான் சொல்ல வந்தது வேறு ஒரு சட்டத்தைப் பற்றி.

தோட்ட லயங்களுக்குள் வெளியார் வருவது பற்றிய பழைய கட்டளைச் சட்டம் அது. லயத்தில் குடியிருக்கிற ஒரு தொழிலாளியின் வீட்டில், அந்தத் தோட்டத்தில் பெயர் பதியாத யாராவது தங்க வேண்டுமானால் தோட்டத்துத் துரை எழுத்தில் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாமல் தங்கவைத்தால், தொழிலாளியின் காம்பராவைத் துரை திருப்பி எடுத்துக்கொள்ளலாம். விருந்தாளி வந்தால் வீடு போகும். சட்டத்தின் சாரம் அவ்வளவுதான்.

எனக்கு வேலை பழக்கிய மேலதிகாரி ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். "சட்டம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய நீதிமன்றப் பதிவேட்டைப் பார். நீண்ட காலம் ஒருவரும் அதன் கீழ் வழக்குப் போடவில்லை என்றால் அது செத்துவிட்டது" என்பார். அவர் நேர்மையானவர், என்னை ஒருநாளும் தாழ்த்திப் பேசாதவர். அவர் மீது எனக்கு இன்றைக்கும் அன்பு உண்டு. ஆனால் அவர் சொன்னது பிழை. டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்த மனிதர், சண்டை வந்தால் எல்லாரும் கோர்ட்டுக்குத்தான் போவார்கள் என்று நினைத்துவிட்டார். லயத்தில் பிறந்த நான் அதை நம்பியதற்குத்தான் மன்னிப்பு இல்லை.

அவர் சொன்னபடியே பதுளை நீதிமன்றத்துக்குப் போய், தூசு மூக்கில் ஏற ஏறப் பதிவேடுகளைப் புரட்டினேன். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்குக்கூட இல்லை. திருப்தியாக வந்து உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், "வழக்கு எதுவுமில்லை, செயலற்றது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இடைக்காலப் பட்டியல் வெளியானபோது, நீக்க வேண்டிய சட்டங்களில் அது இல்லை. எனக்கு அது உறுத்தவும் இல்லை.

என் பெரியம்மா மகள் பாக்கியம் பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். என்னைவிட மூன்று வயது இளையவள், புருஷன் இல்லை. ஒரே மகள் நிரோஷாவை மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாள். கோவிலுக்குப் போகிறவர்களோ சர்ச்சுக்குப் போகிறவர்களோ, எங்கள் ஆட்களில் எல்லாரும் பார்க்கிற முறை இது. முதல் பிள்ளை அம்மா வீட்டில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பண்டாரவளையில் பஸ் மாறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, ஒரு கையில் தோடம்பழமும் மறு கையில் பலகாரமுமாக கேட்டுக்கு வந்தேன். வாச்சர் வணக்கம் சொல்லிக் கொப்பியை நீட்டினார். பெயர், விலாசம், யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார். கைப்பையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துண்டு என்றால் தோட்டத்து ஆபீசில் எழுதித் தருகிற சின்னக் கடதாசி. ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு, கூரைத் தகரம் கேட்கத் துண்டு, விருந்தாளி வந்தால் துண்டு. நடக்கப் பழகிய நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கேட்டைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

பாக்கியத்தின் லயம் மேட்டில் இருக்கிறது. வாசலில் நின்றால் மலைகள் இறங்கி, கீழே மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வெகுதூரம் தெரியும். அந்தக் காட்சிமேல் தோட்டத்தை நடத்துகிற கம்பனிக்குக் கண். லயத்தைக் காலி செய்து, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் தங்குகிற அறைகளாக மாற்றப் போகிறார்கள் என்று ஏற்கனவே கதை அடிபட்டுக்கொண்டிருந்தது.

பாக்கியம் சோறு போட்டாள், ஆனால் முகம் சரியில்லை.

"என்ன பாக்கியம், மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. மொதல்ல சாப்பிடுங்க."

உள்ளே படுத்திருந்த நிரோஷா எழுந்து வந்தாள். "அம்மா சொல்லாது பெரியம்மா. ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்திருக்கு."

வாங்கிப் படித்தேன். கல்யாணமாகிப் போனதோடு நிரோஷாவின் பெயரைத் தோட்டத்துப் பதிவிலிருந்து வெட்டியாகிவிட்டது. ஆகவே அவள் வெளியாள். அவளுக்குக் கொடுத்த மூன்று நாள் துண்டு முடிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் அவள் வெளியேறாவிட்டால் காம்பரா திருப்பி எடுக்கப்படும். ஏழு மாதக் கர்ப்பிணிக்கு எழுதிய கடிதம் இது.

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. கூடவே ஒரு பெருமையும் வந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இது என் துறை அல்லவா.

"இதுக்கா பயந்துக்கிட்டு இருக்க? அந்தச் சட்டம் செத்துப் போச்சு பாக்கியம். நானே கோர்ட்டுல புத்தகமெல்லாம் பொரட்டிப் பாத்து எழுதியிருக்கேன். ஒரு கேசுகூட இல்ல."

"செத்துப் போச்சா?"

"ஆமா."

பாக்கியம் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "அப்ப கேட்டுல ஏங்க்கா கையெழுத்துப் போட்டுத் துண்டு வாங்கிட்டு வந்தீங்க?"

அவள் என்னை மடக்க நினைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்து மங்கிப்போன கடதாசி. அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு வரி. இன்ன கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது என்று, நான் செத்துவிட்டதாக எழுதிய சட்டத்தின் பெயர் முழுதாக இருந்தது. தமிழில் மட்டும் இல்லை. துண்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள். வாசிக்கத் தெரிந்த நானும் அதை வாசிக்காமல்தான் பைக்குள் போட்டிருந்தேன்.

"கோர்ட்டுக்கு யாருக்கா போவா?" என்றாள் பாக்கியம். "தொரை துண்டு இல்லன்னா, வந்தவங்க சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. இதுல கேசு எங்க இருக்கு?"

நான் இருபது வருடம் சட்டம் படித்தும் அறியாததை அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எல்லாரும் கீழ்ப்படிகிற சட்டத்துக்கு வழக்கு வராது. பதிவேடு வெறுமையாக இருந்தது அதனால்தான். அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது, யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை.

கேட்டில் எழுதிய நேரத்துக்கு இறங்கி, பண்டாரவளையில் தங்கி, மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். ஆட்கள் துரை என்று சொல்கிற முகாமையாளர் இளைஞர், மரியாதையானவர். நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார். சிங்களத்தில் பேசினோம். நான் சட்டத்தைப் பற்றித் தொடங்கியதும் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து முன்னால் வைத்தார். எங்கள் குழுவின் இடைக்காலப் பட்டியல்.

"நீக்க வேண்டிய சட்டங்களில் இது இல்லையே மிஸ். தேடித் தேடிப் பழைய சட்டங்களை நீக்குகிற குழுவே இதைத் தொடவில்லை என்றால், இது வேண்டிய சட்டம் என்றுதானே அர்த்தம்? நான் சட்டப்படிதான் போகிறேன்."

பட்டியலின் கீழே இருந்த கையொப்பங்களில் ஒன்று என்னுடையது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒதுக்கிய சட்டத்துக்கு என் கையாலேயே புது உயிர் கொடுத்திருக்கிறேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார் என்று நினைக்கிறேன். துண்டுப் புத்தகத்தைத் திறந்து, நிரோஷாவின் பெயரில், பிரசவம் முடியும் வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "உங்களுக்காகத் தருகிறேன். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்."

நான் அதை வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கடதாசியை யாராவது தேநீரோடு நீட்டுவார்கள். அந்த நேரத்தில் பெரிய கொள்கை எதுவும் நினைவுக்கு வராது. வந்த காரியம் முடிந்தது என்ற நிம்மதிதான் வரும்.

மேட்டு லயத்துக்கு ஏறிப் போய் பாக்கியத்திடம் துண்டைக் கொடுத்தேன். அவள் அதை வாங்காமல் மகளைப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப ஒரு துண்டு," என்றாள் நிரோஷா. "புள்ளையப் பாக்க அவரு வந்தா அவருக்கு ஒண்ணு. மாமியாருக்கு ஒண்ணு. அடுத்த பொங்கலுக்கு புள்ளையத் தூக்கிட்டு வந்தா அதுக்கும் ஒண்ணா பெரியம்மா? நான் இந்த வீட்டுலதான பொறந்தேன்?"

"திருப்பிக் குடுத்துருங்கக்கா," என்றாள் பாக்கியம்.

"பைத்தியமா உனக்கு? வீடு போயிருமே."

"போனா பாத்துக்கலாம். இருவத்தாறு வருசம் இந்த மலையில ஏறி எறங்கியிருக்கேன். எம்மக எங்கிட்ட வந்து பெத்துக்கிறதுக்கு ஒருத்தன் எழுதித் தரணுமா?"

நான் அவளோடு வாதாடினேன். மழைக்காலம் வருகிறது, எங்கே போவாய், பிள்ளை பிறக்கட்டும், பிறகு சண்டை போடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பந்தயத்தில் வைத்தது அவளுடைய வீடு. என் சம்பளத்துக்கோ என் ஓட்டு வீட்டுக்கோ ஒன்றும் வரப்போவதில்லை. அதனால் அந்த முடிவை எடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று கடைசியில் எனக்கே புரிந்தது. துண்டைக் கொண்டுபோய் முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டு, "அவர்களுக்கு இது வேண்டாமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வியாழக்கிழமை எங்கள் குழு பதுளையில் கடைசியாகக் கூடுவதாக இருந்தது. அன்றோடு பட்டியல் மூடப்படும். பிறகு எதையும் சேர்க்க முடியாது. சட்டம் உயிரோடு இருக்கிறது என்று காட்ட என்னிடம் இருந்தது நான் வாங்கிய ஒரு துண்டு மட்டும். பஸ் ஏறுமுன் பாக்கியத்திடம் இதைச் சொன்னேன்.

"துண்டுதான வேணும்? வீட்டுக்கு வீடு கெடக்கு," என்றாள்.

ஆபீசிலிருந்து வந்த எந்தக் கடதாசியையும் எங்கள் ஆட்கள் எறிய மாட்டார்கள். சாமிப் படத்துக்குப் பின்னால், மாதா படத்துக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் சேலைக்குள் மடித்து வைத்திருப்பார்கள். எந்தக் கடதாசியை எப்போது யார் கேட்பார்கள் என்ற பயம்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பாக்கியம் வாயைத் திறந்ததும் சில பெண்கள் பயந்து விலகினார்கள், துண்டில் பெயர் இருக்கிறதே என்று. மற்றவர்கள் கொடுத்தார்கள். புதன்கிழமை பின்னேரம் அவள் ஒரு பால்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு பதுளை பஸ் நிலையத்தில் இறங்கினாள்.

என் வீட்டு மேசையில் இரண்டு பேரும் அவற்றைப் பரப்பி அடுக்கினோம். மருமகள், ஒரு நாள், பதினாறாம் நாள் காரியம். அண்ணன், இரண்டு நாள், கல்யாணம். ஒன்றில், மகன், இரண்டு நாள், தீபாவளி என்று இருந்தது. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் அம்மாவோடு தீபாவளி கொண்டாடத் துரையிடம் கேட்டிருக்கிறான், துரை இரண்டு நாள் தந்திருக்கிறார். அதைப் பார்த்து நான் அழுதேன். பாக்கியம் அழவில்லை. "அடுக்குங்கக்கா, நேரமாச்சு" என்றாள்.

குழுவின் தலைவர் கட்டுப்பாடான மனிதர். வழக்குப் பதிவு இல்லாமல் எதையும் திரும்ப எடுக்க முடியாது என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர், கேட்டில் பெயர் எழுதுவது பாதுகாப்புக்காகத்தான், எந்தக் கட்டடத்திலும் நடப்பதுதான் என்றார். நான் எழுந்து முதலில் என் துண்டை மேசையில் வைத்தேன்.

"இது நான் வாங்கியது. இந்தச் சட்டம் செத்துவிட்டது என்று எழுதியதும் நான்தான். அடியில் இருக்கிற வரியை வாசியுங்கள்."

பிறகு பால்மா பையைக் கவிழ்த்தேன். நாகரிகமாக ஒவ்வொன்றாக எடுத்துத் தந்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. "உங்கள் மகள் உங்கள் வீட்டில் பிள்ளை பெற வந்தால் யாரிடம் துண்டு வாங்குவீர்கள்?" என்று அந்த உறுப்பினரிடம் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை, ஆனால் நான் கேட்டேன்.

தலைவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து அடிவரியைப் படித்தார். வெகுநேரம் எடுத்தார். பிறகு கூட்டத்தை இடைநிறுத்தி என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"சேர்த்துவிடலாம். ஆனால் உங்கள் பழைய குறிப்பை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதித் தாருங்கள், பழைய திகதியிலேயே. இல்லாவிட்டால் குழு பிழைவிட்டது என்று ஆகும். உங்களுக்கும் நல்லதில்லை."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மாட்டேன் என்றேன். பழைய குறிப்பு கோப்பில் அப்படியே இருக்க வேண்டும். அதன் கீழே, இது பிழை, விசாரிக்க வேண்டியவர்களை விசாரிக்காமல் எழுதினேன் என்று இன்றைய திகதியில் எழுதுவேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவர்கள் அதே பதிவேட்டைப் புரட்டி அதே வசனத்தை எழுதக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். சட்டம் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏறியது. அந்தக் கோப்பு உங்கள் கந்தோரில்தான் இருக்கிறது. நீங்கள் திறந்தே பார்க்கவில்லை என்பது உங்கள் பட்டியலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஆனால் பட்டியலில் ஏறுவது வேறு, சட்டம் போவது வேறு. பாராளுமன்றம் வரை போக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். பாக்கியத்துக்குக் கொடுத்த இரண்டு வாரம் அதற்கு முன்பே முடிந்தது. அன்று காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், எல்லாருக்கும் முன்னால் அவளை ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு மேட்டு லயத்துக்கு வந்த விருந்தாளிகள் ஒருவரும் கொப்பியில் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கீழ் லயத்துக்கு வந்தவர்களும் எழுதவில்லை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பேனாவை நீட்டினால், "வேணாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்களாம்.

முகாமையாளர் எனக்குப் போன் செய்தார். "மிஸ், உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் இப்போது இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது," என்றேன். "நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம், இன்னும் நீக்கவில்லை. இன்றைக்கும் அது சட்டம்தான்."

"அப்படியானால் நான் நடவடிக்கை எடுக்கலாம்."

"தாராளமாக எடுங்கள். பாக்கியத்தின் மேல் மட்டும் வேண்டாம், துண்டு வாங்காத எல்லா வீட்டின் மேலும் வழக்குப் போடுங்கள். பதிவேட்டில் ஒரு வழக்காவது இருக்கட்டும். நானே வந்து சாட்சி சொல்கிறேன், அங்கே துண்டு வாங்கினவள் நான்."

அவர் போனை வைத்துவிட்டார். வழக்கு வரவில்லை. எல்லா வீட்டையும் பிடுங்கினால் கொழுந்தை யார் எடுப்பது என்று அவருக்கும் தெரியும்.

நிரோஷாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நானும் பாக்கியமும் ஆட்டோ பிடித்து அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனோம். கேட்டில் வாச்சர் கொப்பியோடு எழுந்து வந்தார். அவர் குனிந்து துணிக்குள் பார்த்து, "பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார். பாக்கியம் ஆமாம் என்றாள். அவர் போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். செயலற்றது என்று நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொரு சட்டத்துக்கும், அது யார் தலைமேல் இருக்கிறதோ அந்த ஆட்களிடம் போய்க் கேட்டீர்களா? கேட்டிருந்தால் யாரைக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். கேட்காவிட்டால் அந்த நிரலை வெறுமையாக விடுங்கள், பஸ் ஏறுங்கள். போகிற இடத்தில் யாராவது கடதாசி தந்தால் அடிவரி வரை வாசியுங்கள். மேலிடம் அவசரப்படுத்தினால், கிழவி ஒருத்தி குறுக்கே நிற்கிறாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள். முன்னுரை கேட்டீர்கள், இதுதான் முன்னுரை. ஒரு வரியையும் வெட்ட அனுமதி தர மாட்டேன்.

அந்தச் சட்டம் நீக்கப்பட்ட செய்தி வந்த அன்று நான் கந்தோரில்தான் இருந்தேன். ஓய்வு பெற இன்னும் சில வாரங்களே இருந்தன. வேலை செய்த காலம் முழுதும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உடனே பாக்கியத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். பாத்திரச் சத்தம், ஆண்கள் சிரிக்கிற சத்தம், குழந்தை வீரிடுகிற சத்தம்.

"பாக்கியம், சட்டத்த எடுத்துட்டாங்க!"

"எந்தச் சட்டம்க்கா?"

"அதான், துண்டுச் சட்டம். இனி யாரும் துண்டு கேக்க முடியாது."

"அத நாங்க எப்பவோ எடுத்துட்டோமே," என்றாள் பாக்கியம். "நீங்க இன்னும் அதையா பாத்துக்கிட்டு இருந்தீங்க? மாப்பிள்ள வீட்டு ஆளுங்க எல்லாம் மொனராகலையில இருந்து வந்திருக்காங்க, ஒரு வாரம் நிப்பாங்க. அடுப்புல சோறு கெடக்கு, வைங்க போன."